கடல் கடந்து வரும் மாணவரும் பல்கலைக்கழக நூலகமும்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகிச் சில வாரங்கள் கழிந்ததும் கொழும்பில் ஓர் அலைச்சல் தொடங்கிவிடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் நிலையங்களின் படிகளில் பெற்றோர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறி இறங்குவார்கள். மலேசியாவா, துருக்கியா, இங்கிலாந்தா, அவுஸ்திரேலியாவா என்பதே வீட்டிலும் பேச்சு. நான் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியன்தான். ஆனாலும் பழைய மாணவர்களின் வாப்பாமாரும் உம்மாமாரும் என்னிடமும் வந்து யோசனை கேட்பதுண்டு. பீஸ் எவ்வளவு வரும்? ஹொஸ்டல் இருக்கா? ஹலால் சாப்பாடு கிடைக்குமா? பள்ளிவாசல் கிட்டவா, தூரமா? பார்ட் டைம் வேலை செய்யலாமா? எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருவராவது “சேர், அந்த கெம்பஸ்ட லைப்ரரி எப்படி?” என்று கேட்டதில்லை.

பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, வகுப்பறையில் இருக்கும் நேரத்தைவிட நூலகத்தை நம்பி இருக்க வேண்டிய நேரமே அதிகம். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியால விரிவுரைதான் இருக்கும் பாடநெறிகள் உண்டு. மிச்சப் படிப்பு முழுவதும் நூல்களையும் ஆய்வுச் சஞ்சிகைகளையும் தானே தேடி வாசிப்பதுதான். அந்த நூலகம் பிள்ளைக்குத் திறந்திருக்கிறதா, திறந்திருந்தும் உள்ளே நுழையப் பயமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே படிப்பின் பலன் அமைகிறது. எனவே வேற்றுநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழக நூலகம் எப்படிச் சேவை செய்யலாம், அதற்கு முன்பாக நாம் இங்கிருந்தே என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ரிவாக்குகளின் பாடம்

கல்வி தேடிக் கடல் கடப்பது முஸ்லிம்களுக்குப் புதிய விடயமன்று. பத்தாம் நூற்றாண்டில் கெய்ரோவில் எழுந்த அல்-அஸ்ஹர் பல நாட்டு மாணவர்களைத் தன்னிடத்தே இழுத்தது. அங்கு ‘ரிவாக்’ என்ற ஓர் ஏற்பாடு இருந்தது. ரிவாக் என்றால் தூண்கள் தாங்கிய தாழ்வாரம். நாளடைவில் ஒவ்வொரு தாழ்வாரமும் அதையொட்டிய அறைகளும் ஒரு நாட்டு அல்லது ஒரு பிரதேசத்து மாணவருக்கு உரியனவாயின. மக்ரிபிகளுக்கு ஒன்று, சிரியர்களுக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, கிழக்கே ஜாவா, சுமாத்திராத் தீவுகளிலிருந்து வந்த ‘ஜாவி’களுக்கு ஒன்று. புதிதாக வந்து இறங்கும் மாணவன் தன் ரிவாக்கைத் தேடிப் போனால் போதும். படுக்க இடமும், வக்பிலிருந்து ரொட்டியும், தன் பாஷை பேசும் மூத்த மாணவரும் அங்கே இருப்பார்கள். அவற்றோடு, ரிவாக்குகளுக்குச் சொந்தமாக நூல் தொகுதிகளும் இருந்தன.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் இருந்தது. நூல்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. எது எங்கே இருக்கிறது என்று அறிய வழியில்லை. கவனிப்பாரற்றுச் சிதைந்தவையும் பல. 1897ஆம் ஆண்டில் முஹம்மத் அப்துஹூவின் சீர்திருத்த முயற்சிகளின் பயனாக அல்-அஸ்ஹருக்கு ஒரு மத்திய நூலகம் அமைக்கப்பட்டு, சிதறிக்கிடந்த தொகுதிகள் அதில் சேர்க்கப்பட்டன. நூல்களுக்குப் பாதுகாப்பும் ஒழுங்கும் கிடைத்தன.

இன்றைய நூலகரின் பிரச்சினையும் ஏறக்குறைய இதுவே. ஒழுங்குக்கும் முழுமைக்கும் மத்திய நூலகம் வேண்டும். புதிதாக வந்த மாணவனுக்கோ தன் பாஷையில் வழி சொல்லித்தரும் ஒரு ரிவாக் வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தரக்கூடிய நூலகமே வேற்றுநாட்டு மாணவருக்கு உண்மையில் பயன்படும் நூலகம்.

யார் இந்த வெளிநாட்டு மாணவர்?

நமக்குப் ‘வெளிநாட்டு மாணவர்’ என்றதும் இங்கிருந்து போகும் நமது பிள்ளைதான் நினைவுக்கு வருவார். ஆனால் கொழும்புக்கே வந்து படிப்பவர்களும் இருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் பாளி, பௌத்த கற்கைகள் பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்கு ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து பிக்குகள் வருகிறார்கள். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திப் படிக்கும் பிறநாட்டு மாணவர்கள் உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளை ஒழுங்கைகளிலோ மாலைதீவுக் குடும்பங்கள் நமக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். பிள்ளைகளின் படிப்புக்காகவே உம்மாவும் பிள்ளைகளும் இங்கே வாடகைக்கு இருக்க, வாப்பா மாலேயில் உழைக்கும் வீடுகள் பல.

மாலைதீவின் ஜனாதிபதியாகப் பின்னாளில் முப்பது ஆண்டுகள் இருந்த மஃமூன் அப்துல் கையூம், 1947இல் எகிப்தில் படிக்கத் தெரிவான சிறுவர் குழுவில் ஒருவர். எகிப்துக்குப் போகுமுன் இலங்கையில் தங்கிப் படித்தவர், பிறகு அல்-அஸ்ஹரில் பட்டம் பெற்றார். நம் பக்கத்திலிருந்து 1934இல் கேம்பிரிட்ஜ் சென்ற ஏ. எம். ஏ. அஸீஸ், ஊர் திரும்பி இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் உத்தியோகத்தரானார். வசதியற்ற மாணவர் படிக்க வேண்டுமென 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கியவரும் அவரே. நாம் அனுப்புகிறவர்கள் மட்டுமல்லர், வரவேற்கிறவர்களும்கூட. பிற நாட்டு நூலகம் நம் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டுமென்று எதிர்பார்க்கிறோமோ அதையே நம் நாட்டு நூலகம் மாலைதீவுப் பிள்ளைக்கும் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘வெளிநாட்டு மாணவர்’ என்று ஒரு சாக்கில் எல்லாரையும் போட்டுக் கட்ட முடியாது. மாலைதீவுப் பிள்ளை பள்ளியில் ஆங்கில மூலம் படித்திருக்கும். அதன் தாய்மொழியான திவேஹி சிங்களத்துக்கு உறவுமொழி, எழுத்தோ அரபுபோல வலமிருந்து இடமாகச் செல்லும். தமிழ் மூலம் உயர்தரம் படித்துவிட்டு மலேசியா போகும் நம் பிள்ளையின் சிரமம் வேறு. ஆங்கிலப் புலமை நிறைந்த, ஆனால் பாளி மூலத்தைத் தன் நாட்டு எழுத்தில் தேடும் பிக்குவின் தேவை வேறு. நூலகம் செய்ய வேண்டிய முதல் வேலை, வந்திருப்பவர் யார், எந்த மொழியில் எப்படிப் படித்துவிட்டு வந்தவர் என்று கேட்டறிவது. பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்வி கூடுதலாகச் சேர்த்தாலே இது முடிந்துவிடும்.

பூட்டிய அலுமாரியும் திறந்த தட்டும்

நம் பாடசாலைகள் பலவற்றில் நூலகம் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட, பூட்டிய அலுமாரிகள். சாவி பொறுப்பாசிரியரிடம். நூல் தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர் என்பதால் பூட்டுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வருடம் அப்படிப் படித்த பிள்ளைக்கு நூலகம் பற்றி மனதில் பதியும் படம் ஒன்றுதான்: கேட்டால் தருவார்கள், கேட்கப் பயமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். கொழும்பிலே பொது நூலக வாசிப்பறையில் உட்கார்ந்திருக்கும் உயர்தர மாணவர்களைப் பாருங்கள். அனேகர் முன்னால் இருப்பது டியூஷன் நோட்ஸும் கடந்தகால வினாத்தாளும்தான். அமைதியாக இருந்து சொந்தக் கொப்பியைப் படிக்க ஓர் இடம் என்ற அளவில் நூலகம் நின்றுவிடுகிறது.

இப்படிப் பழகியவர் ஒரு பெரிய பல்கலைக்கழக நூலகத்துள் கால் வைக்கும்போது என்ன நடக்கும்? ஆறேழு மாடி. தட்டுகள் திறந்தே இருக்கின்றன. யாரும் தடுப்பதில்லை, யாரும் வந்து என்ன வேண்டுமென்று கேட்பதுமில்லை. இரவல் எடுப்பது இயந்திரத்தில். ‘உசாத்துணை’ என்று எழுதிய மேசையில் ஒருவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்யலாமா? அவர் அங்கே இருப்பதே தொந்தரவு செய்யப்படுவதற்காகத்தான் என்பது நம் பிள்ளைக்குத் தெரியாது. மலேசியாவில் படித்த என் பழைய மாணவர் ஒருவர் சொன்னது: “முதல் செமஸ்டர் முழுக்க நான் லைப்ரரிக்குப் போனது ஏசிக்குத்தான் சேர். புத்தகம் தொடவே இல்ல.”

இதற்கு மருந்து, வந்த முதல் வாரத்தில் நடத்தும் அறிமுகச் சுற்றுலா மட்டும் என்றால் போதாது. அந்த வாரத்தில் பிள்ளையின் தலையில் இருப்பது சிம் கார்ட், வங்கிக் கணக்கு, அறை வாடகை, விசாப் பதிவு, வீட்டு நினைவு. அப்போது சொன்ன எதுவும் காதில் ஏறாது. முதல் ஒப்படை கொடுக்கப்படும் நான்காம் ஐந்தாம் வாரத்தில், அந்த ஒப்படையையே கையில் வைத்துக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். தேவை வந்தபின் சொல்லிக் கொடுத்தது மறப்பதில்லை. இதை ஆசிரியர் எல்லாரும் அறிவோம்.

கரையைத் தாண்டிய ஒரு தமிழ் நூலகர்

இந்த இடத்தில் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார. தொடக்கத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தார். அதே ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் நூலகவியல் படிக்க அனுப்பப்பட்டார். அதாவது உலக நூலகவியலை மாற்றியமைத்த அந்தத் தமிழரும் ஒரு காலத்தில் லண்டனில் ஒரு வெளிநாட்டு மாணவர். படிப்போடு நின்றுவிடாமல் அந்நாட்டு நூலகங்கள் பலவற்றுக்கும் சென்று பார்த்தார். சாதாரண மக்கள் நூலகத்துக்கு வந்து தாங்களே தட்டில் நூல் எடுப்பதைக் கண்டார்.

1925இல் சென்னை திரும்பியவர், கண்டதைச் செய்து காட்டினார். தட்டுகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வாசகருக்கு நூலைத் தேடிக்கொடுத்து உதவுவதே தனிப் பணி என்று ஆட்களை அமர்த்தினார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூலகவியல் மாணவரின் முதற்பாடம். நூல் காவல் காப்பதற்கன்று, பயன்படுவதற்கு என்பது அவற்றின் அடிப்படை. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றும் அதற்கு உரிய வாசகரைச் சேர வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் உயிருள்ள ஒன்றாக வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பவை ஏனையவை.

இவற்றை வேற்றுநாட்டு மாணவருக்குப் பொருத்திப் பாருங்கள். ‘ஒவ்வொரு வாசகருக்கும்’ என்றால் அதில் நேற்று விமானத்தால் இறங்கியவரும் அடக்கம். நேரம் பற்றிய விதி அவருக்கு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். உள்நாட்டு மாணவர் ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த வருடம் எழுதலாம். வெளிநாட்டு மாணவருக்கு விசாவுக்கு முடிவுத் திகதி இருக்கிறது. ஒரு செமஸ்டர் நீண்டால் இங்கே ஒரு வளவோ நகையோ அடகு போகும்.

களவு அல்லாத களவு

நம் பிள்ளைகள் அந்நிய மண்ணில் அதிகம் அடிபடும் இடம் ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து போன ஒரு பிள்ளை, வகுப்பில் முன்வரிசைக்காரி. முதல் ஒப்படையிலேயே கருத்துத் திருட்டு என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்கு அழைக்கப்பட்டாள். தொலைபேசியில் அழுதாள். “நான் களவெடுக்கல்ல சேர். புத்தகத்தில இருந்ததைத்தான் சரியா எழுதினன்.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. நம் பரீட்சை முறையில் நூலில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதுவது திறமை, அதற்குப் புள்ளியும் உண்டு. மனனம் நம் பண்பாட்டில் மதிப்புக்குரியது. அல்-குர்ஆனை மனனம் செய்த ஹாபிழை எழுந்து நின்று மதிக்கிறோம். ஆனால் பல்கலைக்கழக ஒப்படையில் பிறரின் வசனத்தை மேற்கோள் குறியும் மூலமும் இன்றி எழுதினால் அது குற்றம். ஒப்படைகளைப் பல கோடிப் பக்கங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் ஒற்றுமையைக் காட்டிக்கொடுக்கும். எழுதியவரின் எண்ணம் என்னவென்று அதற்குத் தெரியாது.

இதை நம் மரபிலிருந்தே விளக்கலாம் என்பது என் எண்ணம். ஹதீஸ் கலையில் ‘இஸ்னாத்’ இல்லாத செய்தியை யார் ஏற்றார்? யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலியைச் சொல்லாமல் ஒரு வாசகத்தை முன்வைப்பது அறிஞருக்கு அழகன்று என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள். மேற்கோள் குறிப்பதும் அத்தகைய ஓர் அமானிதம்தான். சொன்னவருக்கு உரியதைச் சொன்னவருக்கே கொடுப்பது. நான் உயர்தர வகுப்பில் இப்படிச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் விளங்கியது தெரிகிறது. வெறும் சட்டமாகச் சொன்னால் பயம் மட்டும்தான் வரும்.

நூலகம் இங்கே செய்யக்கூடியது பெரிது. தண்டனைச் சுற்றறிக்கை அனுப்புவது நிர்வாகத்தின் வேலை. ஒரு பந்தியைக் கொடுத்து, அதை எப்படிச் சொந்தச் சொல்லில் சுருக்குவது, எங்கே மேற்கோள் குறி இடுவது, மூலத்தை எப்படிப் பதிவது என்று செய்து பார்க்க வைப்பது நூலகரின் வேலை. ஒப்படையைச் சமர்ப்பிக்குமுன் மாணவரே அந்த மென்பொருளில் பரிசோதித்துப் பார்க்க இடம் கொடுத்தால் பாதிக் கண்ணீர் குறையும்.

இருந்தும் அகப்படாத நூல்

அடுத்தது பட்டியல். நூலகத்தில் நூல் இருக்கிறது, தேடினால் அகப்படாது. ஏன்? உதாரணத்துக்கு நோன்பு மாதத்தை எடுங்கள். ரமழான், ரமலான், ரமதான், றமழான் என்று தமிழிலேயே நான்கு விதம். குர்ஆன், குரான், குர்-ஆன், திருக்குர்ஆன். முஹம்மத், முகம்மது, மொஹமட், மொகமது. தமிழகத்துப் பதிப்பகம் ஒரு விதமாகவும் இலங்கை அச்சகம் வேறு விதமாகவும் எழுதும். இதையே ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது இன்னும் பத்து வகை பிறக்கும்.

ஆட்பெயரில் வேறு சிக்கல். மேலைநாட்டு முறையில் குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? முதலெழுத்துகள் வாப்பாவின் பெயரையும் ஊரையும் குறிக்கும். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்கு வழி திறந்த ம. மு. உவைஸ் அவர்களின் நூலைத் தேடுகிறவர் ‘உவைஸ்’ என்று தேடுவார். பட்டியலாக்கியவர் முதலெழுத்துகளை விரித்து ‘முஹம்மது’ என்பதன் கீழ் இட்டிருந்தால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். இதற்கு நூலகவியலில் நல்ல தீர்வு உண்டு. ஒரு பெயரை நிலையான வடிவமாகத் தெரிந்துகொண்டு, மற்ற வடிவங்கள் எல்லாவற்றிலிருந்தும் அதற்கு வழிகாட்டுவது. எந்த வடிவில் தேடினாலும் வாசகர் சரியான இடத்துக்கு வந்து சேர்வார். இதைச் செய்ய இரண்டு எழுத்துமுறையும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் பல வேளைகளில் நூலகத்துக்குள்ளேயே, வெளிநாட்டு மாணவராக, உட்கார்ந்திருக்கிறார்! மணித்தியாலக் கூலிக்கு வேலை தேடும் பட்டப்பின் படிப்பு மாணவரை இப்பணிக்கு எடுத்தால் அவருக்கும் லாபம், நூலகத்துக்கும் லாபம்.

எழுத்துருவும் ஒரு தடை. இலங்கையில் நீண்ட காலம் தமிழ்த் தட்டச்சு பாமினி எழுத்துருவில் நடந்தது. அப்படி உள்ளிட்ட பட்டியலை இன்று யூனிகோட் தமிழில் தேடினால் ஒன்றும் வராது. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. உள்ளிட்ட பழைய பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றுவது அலுப்பான வேலைதான். ஆனால் நம் நாட்டு நூலகங்கள் பயன்படுத்தும் ‘கோஹா’ போன்ற இலவச மென்பொருள்கள் தமிழ், சிங்களம், அரபு எழுத்துகளை அப்படியே ஏற்கும். மூல எழுத்திலும் ஆங்கில ஒலிபெயர்ப்பிலும் தலைப்பை இணையாகப் பதிய முடியும். அரபுத் தமிழ் நூல்களுக்கு இது இன்னும் அவசியம். எழுத்து அரபு, மொழி தமிழ். பட்டியலாக்குபவர் அட்டையைப் பார்த்து அரபு நூல் என்று ஒதுக்கிவிட்டால், தமிழில் தேடும் ஆய்வாளருக்கு அந்த நூல் இல்லாத நூல்தான்.

பகுப்பாக்கத்தையும் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மெல்வில் டூயி 1876இல் வகுத்த தசமப் பகுப்பில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் பெரும் பகுதி கிறிஸ்தவத்துக்குப் போய்விட, இஸ்லாம் முழுவதும் 297 என்ற ஓர் எண்ணுக்குள் அடங்குகிறது. தப்ஸீரும் பிக்ஹும் தஸவ்வுபும் அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் தசம இலக்கங்களில்தான் பிரிகின்றன. தமிழ் இலக்கியம் 894.811. இந்த இரண்டு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளை, டூயி முறையைப் பின்பற்றும் உலகின் எந்த நூலகத்திலும் தன் வீட்டுத் தட்டை நேரே போய்ச் சேர்ந்துவிடும். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேடுகிறவர் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும்.

நேரம், இடம், கதவு

கட்டடத்தையும் கொஞ்சம் கவனிப்போம். ரமழானில் பரீட்சை வந்தால் முஸ்லிம் மாணவரின் நாள் தலைகீழாகிவிடும். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுத பிறகுதான் படிக்கத் தெம்பு வரும். அந்த மாதத்தில் இரவு நேரத்தை நீடிப்பதும், மஃரிப் வேளையில் ஈச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே அனுமதிப்பதும், தொழ ஒரு சிறு மூலையை ஒதுக்குவதும் பெரிய செலவுக்குரியவை அல்ல. சீனப் புத்தாண்டுக்கும் வெசாக்குக்கும் இதே அக்கறை வேண்டும். பல்கலைக்கழக விடுமுறையில் உள்நாட்டு மாணவர் வீடு போய்விட, வெளிநாட்டு மாணவர் விடுதியிலேயே இருப்பார். அந்த நாட்களில் நூலகத்தையும் பூட்டிவிட்டால் அவருக்குப் போக இடமில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் படும் கவலையும் நியாயமானது. நள்ளிரவு வரை நூலகம் திறந்திருக்கிறது என்று பெருமைப்பட்டால் மட்டும் போதாது. அங்கிருந்து விடுதி வரை வெளிச்சமும் பஸ்ஸும் இருந்தால்தான் அந்த நேரம் பெண் மாணவருக்கும் சொந்தமாகும்.

விலை கூடிய பாடநூல்களுக்கு வழி, சில பிரதிகளைச் சில மணித்தியால இரவலுக்கென ஒதுக்கிவைப்பது. பணம் இல்லாத மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மின்சஞ்சிகைகளைப் பொறுத்தவரை, விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளை வெள்ளவத்தை வீட்டிலிருந்தே தன் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லால் அவற்றை வாசிக்கலாம். ‘எஜுரோம்’ என்ற இணைய ஏற்பாட்டில் இலங்கைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்திருப்பதால், அங்கே பதிந்த கணக்கைக் கொண்டே இங்குள்ள வளாகங்களில் இணைய வசதி பெறலாம். இப்படிப்பட்ட வசதிகள் இருப்பதே அனேக மாணவருக்குத் தெரியாது. ஒரு தாளில் இரு மொழியில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெயரும் முகமும் வேண்டும். ‘வெளிநாட்டு மாணவருக்குப் பொறுப்பான நூலகர் இவர், இந்த மேசையில் இருப்பார்’ என்று தெரிந்தால் கூச்சம் பாதி போகும். அவருக்கு உதவியாக ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு மூத்த மாணவர் இருந்தால் பழைய ரிவாக் மறுபடி உயிர் பெறும்.

நம் பங்கு

முழுப் பாரத்தையும் நூலகத்தின் தலையில் வைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. கொழும்பில் இருக்கும் பெற்றோருக்கு வாய்ப்புகள் கையெட்டும் தூரத்தில் உள்ளன. 1925இல் நிறுவப்பட்ட கொழும்பு பொது நூலகம் விஹாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் பிள்ளையை அங்கே அனுப்புங்கள். நோட்ஸ் கொண்டு போக வேண்டாம். ஒரு தலைப்பைக் கொடுத்து, பட்டியலில் தேடி, எண்ணைக் குறித்து, தட்டில் நூலைக் கண்டுபிடித்து, மூன்று நூலிலிருந்து ஒரு பக்கம் மூலம் குறிப்பிட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நூலகரிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. நான் உயர்தர மாணவரிடம் இதைச் செய்விக்கிறேன். கேள்வி கேட்பதுதான் அவர்களுக்கு ஆகக் கஷ்டம்.

கல்வி முகவரிடம் பேசும்போது நூலகம் பற்றியும் விசாரியுங்கள். எத்தனை மணிவரை? பாடநூல் ஒதுக்கி வைக்கிறார்களா? ஒப்படை எழுதப் பழக்குகிறார்களா? விடுமுறையில் திறந்திருக்குமா? தெளிவான பதில் கிடைத்தால் அந்தப் பல்கலைக்கழகம் தன் மாணவரைக் கவனிக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டொரொன்டோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு இலங்கை முஸ்லிம்களைப் பற்றி ஆய்வு செய்ய முற்படும் நம் பிள்ளைக்கு நம் நூல்கள் அங்கே கிடைக்க வேண்டாமா? நூலக நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் எண்ணிமமாக இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. முஸ்லிம் ஆவணங்களும் அதில் இடம்பெறுகின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் நூலகங்கள் இருக்கின்றன. வீட்டு அலுமாரியில் கறையான் அரிக்கும் ஊர் வரலாறுகளையும் மீலாத் மலர்களையும் பள்ளிவாசல் நூற்றாண்டு மலர்களையும் அவற்றுக்கு ஒரு பிரதி கொடுப்பதற்கோ, எண்ணிமமாக்க ஒரு நாள் இரவல் தருவதற்கோ பெரிய செலவு ஏதுமில்லை. நூலில் ஆசிரியர் பெயரை ஒரே வடிவில், முதலெழுத்துகளின் விரிவோடு உள்பக்கத்தில் அச்சிடுவதற்கும் செலவில்லை.

அடுத்த உயர்தரப் பெறுபேறு வரும்போதும் பெற்றோர் வருவார்கள். பீஸ், ஹொஸ்டல், ஹலால் சாப்பாடு எல்லாம் கேட்பார்கள். நூலகத்தைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால், பதில் சொல்ல எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.